கை அறுவைக்கு எந்த பிளாக் (நரம்பை மரக்கச் செய்யும் ஊசி)? எம்.டி. மயக்கவியல் செய்முறைத் தேர்வுக்குப் போகிறவர்களுக்கு

"முன்கை எலும்பு முறிவு, பிளேட் வைக்கப் போகிறார்கள். என்ன பிளாக் கொடுப்பீர்கள்?" என்று கேட்டால் எல்லோரும் சட்டென்று சுப்ராகிளாவிகுலர் (காறை எலும்புக்கு மேலே போடுவது) என்று சொல்லிவிடுவோம். அடுத்து "ஏன்?" என்று வரும். மார்க் அங்கேதான் இருக்கிறது.

இன்டர்ஸ்கேலீன் (கழுத்துத் தசைகளுக்கு நடுவே போடுவது) தோளுக்குச் சரி. கைக்குக் கொடுத்தால் சுண்டுவிரல் பக்கம் விட்டுப்போகும். சுப்ராகிளாவிகுலரில், முதல் விலா எலும்பின்மேல், சப்கிளேவியன் தமனிக்கு வெளிப்புறத்தில் பிளெக்ஸஸ் (கைக்குப் போகும் நரம்புப் பின்னல்) நெருக்கமாகக் கிடக்கிறது. பக்கத்திலேயே நுரையீரல் உறை. உதரவிதானத்தை இயக்கும் ஃப்ரெனிக் நரம்பும் செயலிழக்கலாம். நோயாளிக்கு ஏற்கெனவே மூச்சுத் தொந்தரவு இருந்தால் ஆக்ஸிலரிக்கு (அக்குளில் போடுவது) இறங்கிவிடுங்கள்.

ஆக்ஸிலரியில் மீடியன், அல்நார், ரேடியல் நரம்புகள் மூன்றும் தமனியைச் சுற்றி இருக்கும். மஸ்குலோகியூட்டேனியஸ் நரம்பு மட்டும் பெரும்பாலும் பைசெப்ஸ், கொராகோபிரேக்கியாலிஸ் தசைகளுக்கு நடுவே ஒதுங்கியிருக்கும். அதற்குத் தனியாக மருந்து போடாவிட்டால் முன்கையின் வெளிப்பக்கம் மரத்துப்போகாது. டூர்னிகேயையும் (ரத்த ஓட்டத்தை நிறுத்த மேற்கையில் கட்டும் பட்டை) மறக்காதீர்கள்: மேற்கை உள்பக்கத் தோலுக்கு வரும் டி2 (இரண்டாம் மார்புத் தண்டுவட நரம்பு) கிளை பிளெக்ஸஸில் சேராது, அதனால் இந்த பிளாக் அதை மரக்கச் செய்யாது.

படிப்பதைவிட ஸ்கேன் செய்து பார்ப்பது பல மடங்கு உதவும். தியேட்டர் ஓய்ந்த நேரத்தில் அல்ட்ராசவுண்டின் லீனியர் புரோபை உங்கள் மணிக்கட்டிலேயே வையுங்கள். மீடியனும் தசைநாண்களும் ஒரே மாதிரி வெள்ளையாகத் தெரிந்து குழப்பும். புரோபை லேசாகச் சாய்த்தால் தசைநாண்கள் சட்டென்று கறுத்துவிடும், நரம்பு அவ்வளவு மாறாது. சந்தேகம் தீரவில்லையா, முழங்கையை நோக்கி மெதுவாக நகர்த்துங்கள். தசைநாண்கள் ஒவ்வொன்றாகத் தசையில் கரைந்துபோகும். மேலோட்டமான விரல் மடக்குத் தசைக்கும் ஆழமானதற்கும் நடுவே தேன்கூடு மாதிரி ஒன்று மட்டும் மிஞ்சும், அதுதான் மீடியன். அல்நாரைத் தேட வேண்டாம், அல்நார் தமனியைப் பிடித்தால் போதும், பக்கத்திலேயே இருக்கும்.

அப்புறம் மருந்துக் கணக்கு. அட்ரினலின் சேர்த்த லிக்னோகெயின் (மரக்கச் செய்யும் மருந்து) அதிகபட்சம் கிலோவுக்கு 7 மில்லிகிராம். 50 கிலோ நோயாளிக்கு 350 மில்லிகிராம், அதாவது 1.5 சதவீதக் கரைசலில் சுமார் 23 மில்லி. மருந்து நச்சானால் 20 சதவீத லிப்பிட் எமல்ஷன் (சிரைவழி ஏற்றும் கொழுப்புக் கரைசல்), முதலில் கிலோவுக்கு 1.5 மில்லி: இவருக்கு 75 மில்லி. இதை மனக்கணக்காகவே பழகிக்கொள்ளுங்கள், எக்ஸாமினர் எடையை மாற்றி மாற்றிக் கேட்பார்.