ஈரல் கொழுப்பும் இசப்கோலும்

காரைக்குடியில் எடுத்த ஸ்கேனில் ஈரலில் கொழுப்பு படிந்திருப்பது தெரிந்த நாளிலிருந்து, காலையில் ஒரு தம்ளர் தண்ணீரில் இசப்கோல் என்னும் விதையின் நார்ச்சத்து மிக்க உமியைக் கலந்து, அது கூழாக இறுகுவதற்குள் குடித்துவிடுகிறேன். அந்த வழவழப்பு குடலில் பித்த அமிலத்தைப் பற்றி வெளியேற்றுவதால், ஈரல் புதிதாகப் பித்தம் சுரக்க இரத்தத்திலுள்ள கொலஸ்ட்ராலை எடுத்துக்கொள்கிறது.

ஆயினும், 2023இல் வெளிவந்த சீன ஆய்வொன்றில் ஈரல் கொழுப்பைக் குறைத்தது இசப்கோல் அன்று. நாளொன்றுக்கு 40 கிராம் வீதம் 4 மாதங்கள் கொடுக்கப்பட்ட, மக்காச்சோளத்திலிருந்து எடுத்த, எளிதில் செரிக்காத மாவுச்சத்து. உடல் எடையை 7 முதல் 10 விழுக்காடு குறைப்பதற்கு ஈடாக எந்தப் பொடியையும் நான் நம்பவில்லை.

அப்பத்தா இரவே ஊறவைத்து வேகவைக்கும் கவுனி அரிசியில் தவிடோடு நார்ச்சத்தும் இருக்கிறது. அதன்மேல் அள்ளிப் போடும் சர்க்கரைதான் ஈரலுக்கு ஆகாது. இப்போது எனக்கு மட்டும் தேங்காய்ப்பூ தூவித் தருகிறார்.