ஜோஷ் ஆலனின் கால்களும் எங்கள் ஊசிமுனையும்

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ ஊரில் ஒரு மருத்துவமனையின் ரத்தம் எடுக்கும் பிரிவில் புதிதாகச் சேருகிறவர்களைப் பழக்கிவிடுவது என் வேலை. செப்டம்பர் தொடங்கி ஜனவரி வரை திங்கட்கிழமைக் காலைகளில் அங்கே ஊசியைப் பற்றி யாரும் பேசுவதில்லை. முந்தின நாள் எங்கள் ஊர்க் கால்பந்து அணியான பில்ஸ் என்ன செய்தது என்பதுதான் பேச்சு. மதுரையில் லேப் டெக்னீஷியனாக இருந்தவரை எனக்குத் தெரிந்த ஆட்டம் கிரிக்கெட் மட்டுமே. இந்த ஊரில் அமெரிக்கக் கால்பந்து தெரியாதவள் காபி இடைவேளையில் ஊமையாகத்தான் உட்கார்ந்திருக்க வேண்டும். அதற்குப் பயந்து கற்றுக்கொண்டேன். பிறகு அது என் வேலைக்குள்ளேயே வந்துவிட்டது.

அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஒருவர் உண்டு. பந்து முதலில் அவர் கைக்கு வரும். எதிரணியின் தடித்த ஆட்கள் மேலே வந்து விழுவதற்குள், ஏறக்குறைய மூன்று நொடிக்குள், ஓடிக்கொண்டிருக்கும் தன் அணிக்காரர் ஒருவரிடம் அதை எறிந்து சேர்க்க வேண்டும். எறிந்ததில் நூற்றுக்கு எத்தனை பிடிக்கப்பட்டன என்ற விகிதத்தை வைத்து அவருடைய குறியை எடைபோடுவார்கள். கல்லூரியில் அறுபதைத் தொடாதவர் தொழில்முறை ஆட்டத்தில் தேறமாட்டார் என்பது பலர் நம்பும் கணக்கு. எங்கள் பிரிவிலும் அப்படி ஒரு விகிதம் இருக்கிறது. முதல் குத்திலேயே ரத்தம் வந்தது நூற்றில் எத்தனை பேருக்கு என்று ஒவ்வொருவர் பெயருக்கும் எதிரே எழுதியிருக்கும். இரண்டு தடவை குத்தியும் வரவில்லை என்றால் ஊசியைக் கீழே வைத்துவிட்டு வேறொருவரைக் கூப்பிட வேண்டும்.

2018 ஏப்ரலில், கல்லூரி வீரர்களை அணிகள் முறை வைத்து எடுக்கும் தேர்வில், பில்ஸ் அணி டாம்பா பே அணியோடு பேரம் பேசி முன்னால் நகர்ந்து, 7-ஆவது ஆளாக ஜோஷ் ஆலனை எடுத்தது. கலிபோர்னியாவில் ஃபயர்பா என்ற சின்ன விவசாய ஊர்க்காரர். குடும்பத்துக்குப் பருத்தி விவசாயம். பள்ளி முடித்தபோது பெரிய கல்லூரி எதுவும் அவரைச் சீண்டவில்லை. ரீட்லி என்ற இரண்டாண்டுக் கல்லூரியில் ஆடிக்கொண்டே நாடு முழுவதும் பயிற்சியாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் வயோமிங் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்தது. ஆறடி ஐந்து அங்குல உயரம். பந்து அவர் கையிலிருந்து போகும் வேகத்தைப் பார்த்தவர்கள் வாயைப் பிளந்தார்கள். ஆனால் வயோமிங்கில் முக்கிய ஆட்டக்காரராக ஆடிய 2016, 2017 இரண்டு ஆண்டுகளிலும் விகிதம் 56-இலேயே நின்றது.

எங்கள் பிரிவில் ஓய்வுபெறும் வயதில் ஒருவர் இருந்தார். 1991 முதல் 1994 வரை பில்ஸ் அணி வரிசையாக நான்கு சூப்பர் பவுலில், அதாவது ஆண்டின் இறுதி ஆட்டத்தில், தோற்றதை வீட்டுத் துக்கம் போலச் சொல்வார். ஆலனை எடுத்த மறுநாள் அவர் தலையில் அடித்துக்கொண்டார். "கைக்குப் பலம் ஏத்தலாம். குறியைக் கத்துக்குடுக்க முடியாதும்மா. அது பிறக்கும்போதே வரணும்" என்ற பொருளில் சொன்னார். தொலைக்காட்சியில் பேசிய பலரும் கோட்டு சூட்டு போட்டுக்கொண்டு அதையே சொன்னார்கள்.

எனக்கு அது புதுப் பேச்சில்லை. மதுரையில் நான் இருந்த லேபில் வயதான சர்க்கரை நோயாளிகள் உள்ளே நுழையும்போதே "அந்தக் கைராசிக்கார அக்கா இருக்காங்களா?" என்பார்கள். அந்த அக்கா ஊசியைத் தொடுவதற்கு முன்னால் செய்வதை நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். நோயாளியின் முழங்கைக்குக் கீழே துணியை மடித்து வைத்துக் கையை நீட்டச் செய்வார். ஸ்டூலை இழுத்துப் போட்டு, தன் தோள் வளையாத உயரத்தில் உட்கார்ந்துகொள்வார். பேச்சுக் கொடுத்துக்கொண்டே விரல் நுனியால் தடவிப் பார்ப்பார். ஒரு நிமிடமாவது இதற்கே போகும். வரிசையில் நிற்பவர்கள் அந்த நிமிடத்தைக் கணக்கில் சேர்க்கவில்லை. ராசி என்று முடித்துவிட்டார்கள்.

ஆலனின் முதல் ஆண்டு, சந்தேகப்பட்டவர்கள் சொன்னபடியே போனது. விகிதம் 52.8. எறிந்து எடுத்த டச்டவுன் (பந்தை எதிரணியின் கடைசிக் கோட்டைத் தாண்டிச் சேர்ப்பது) 10, எதிரணி பறித்துக்கொண்ட பந்து 12. நடுவில் முழங்கையில் அடிபட்டுச் சில வாரம் வெளியே உட்கார்ந்தார். 2019-இல் 58.8. அணி பிளேஆஃப் என்ற தோற்றால் வெளியேறும் சுற்று வரை போய், ஹூஸ்டனிடம் கூடுதல் நேரத்தில் 22-19 என்று தோற்றது. தேறி வருகிறார் என்று சொல்லலாம். ஆனால் நீண்ட தூரத்துக்கு எறிந்த பந்துகள் ஆளைத் தாண்டி விழுந்துகொண்டே இருந்தன. அந்த ஆண்டுவரை எங்கள் பெரியவர் தன் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. மாற்றிக்கொள்ளக் காரணமும் இல்லை.

அந்தக் காலத்தில்தான் என்னிடம் ஒரு பையன் பழக வந்தான். ஆலனின் 17-ஆம் எண் சட்டை போட்டுக்கொண்டு திரிகிற உள்ளூர்ப் பையன். கை நடுங்காது, ரத்தத்தைக் கண்டு பயமில்லை, நோயாளிகளிடம் நன்றாகப் பேசுவான். ஆனால் முதல் குத்து விகிதத்தில் அவன் பெயர் அடியில் கிடந்தது. "இவனுக்குக் கை வராது, மாதிரிகளை வாங்கி வைக்கிற மேசைக்கு மாத்திடலாம்" என்று மேலே யோசித்துக்கொண்டிருந்தார்கள்.

பழக்குகிறவர்கள் பொதுவாகப் பழகுகிறவரின் வலது கைக்குப் பக்கத்தில் நின்று ஊசிமுனையைத்தான் பார்ப்போம். ஒருநாள் இடமில்லாததால் நான் படுக்கையின் கால்மாட்டில் நிற்க வேண்டியதாயிற்று. அங்கிருந்து பையன் முழுதாகத் தெரிந்தான். உயரமானவன்; படுக்கையை உயர்த்தாமல் இடுப்பிலிருந்து வளைந்து நின்றான். வளைந்து நின்றதால் உடம்பு விழாமலிருக்க இடது கையைக் கட்டிலில் ஊன்றிக்கொண்டான். அந்த இடது கை செய்ய வேண்டிய வேலை வேறு: குத்தும் இடத்துக்குக் கீழே கட்டைவிரலால் தோலை இழுத்துப் பிடிக்க வேண்டும். பிடிக்காவிட்டால் நரம்பு, அதாவது ரத்தக் குழாய், உருண்டு ஒதுங்கும். ஊசி சரியான சாய்வில், 15-லிருந்து 30 டிகிரிக்குள், சரியான இடத்தில்தான் இறங்கியது. இறங்கும்போது நரம்பு அங்கே இல்லை.

படுக்கையை உயர்த்தச் சொன்னேன். அவ்வளவுதான் முதல் வாரப் பாடம். ஊசியைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இடது கட்டைவிரல் தானாக வந்துவிட்டது என்று சொன்னால் பொய். அதற்குப் பல வாரம் பிடித்தது, நடுவில் பழையபடி குனிந்துவிடுவான். ஆனால் குழந்தைகள் வார்டில் "அவனை அனுப்புங்க" என்று கேட்கும் அளவுக்குப் பின்னால் வந்தான்.

2020-இல் ஆலன் 69.2-க்குப் போனபோது ஊரே மூக்கில் விரலை வைத்தது. எறிந்து முன்னேறிய தூரம் 4,544 கெஜம், 37 டச்டவுன். 1995-க்குப் பிறகு முதன்முறையாக அந்த அணி தன் பிரிவில் முதலிடம் பெற்றது. இரண்டு ஆண்டில் பதினாறு புள்ளிக்கு மேல் ஏறுவது அந்த ஆட்டத்தில் மிக அபூர்வம். என்ன செய்தார் என்று நான் தேடித் தேடிப் படித்தேன். முன்னாள் குவார்ட்டர்பேக் ஜோர்டன் பால்மரிடம் ஓய்வுக் காலங்களில் அவர் பயிற்சி எடுத்தார். எறியும் அசைவை முப்பரிமாணத்தில் பதிவு செய்து, உடம்பின் எந்தப் பகுதி எப்போது திரும்புகிறது என்று பிரித்துப் பார்த்திருக்கிறார்கள். கை தன் வேலையைச் சரியாகத்தான் செய்திருக்கிறது. சிக்கல் கீழே இருந்தது. கால் ஊன்றுவதற்கும் இடுப்பு திரும்புவதற்கும் தோள் வருவதற்கும் ஒரு வரிசை உண்டு. அந்த வரிசை ஒவ்வொரு எறிதலிலும் ஒரே மாதிரி அமையவில்லை. வேகப்பந்து வீச்சாளரின் முன்கால் தடம் மாறினால் பந்தின் திசை மாறுமே, அதே கதை. சாதாரணக் கை உள்ளவன் காலைச் சரியாக ஊன்றாவிட்டால் பந்து போய்ச் சேரவே சேராது. சின்ன வயதிலேயே திருத்திக்கொள்வான். ஆலனுக்கு இருந்த கைக்கு, கால் எப்படி நின்றாலும் பந்து அறுபது கெஜம் பறந்தது. அந்தப் பலம்தான் குறையை அத்தனை வருடம் மூடி வைத்திருந்தது என்று நினைக்கிறேன்.

உழைப்பு மட்டும் காரணம் என்று சொல்லி இதை முடித்துவிடுகிறார்கள். எனக்கு அதில் சம்மதமில்லை. முதல் ஆண்டு 52.8 எடுத்தவரை அணி விரட்டவில்லை. அப்போதைய தலைமைப் பயிற்சியாளர் ஷான் மெக்டெர்மாட், தாக்குதல் ஆட்டத்தை வகுத்த பிரையன் டேபோல் இருவரும் முதல் நான்கு ஆண்டுகளும் மாறவில்லை. 2020 மார்ச்சில் மினசோட்டா அணியிலிருந்து பந்து பிடிக்கும் ஸ்டெஃபான் டிக்ஸை, கல்லூரி வீரர்களை எடுக்கும் முதல் சுற்று முறை உட்படப் பல வாய்ப்புகளை விலையாகக் கொடுத்து வாங்கினார்கள். அந்த ஆண்டு டிக்ஸ் பிடித்த 127 பந்து லீகிலேயே அதிகம். பிடிக்கிறவர் நல்லவராக இருந்தால் எறிந்தவரின் விகிதமும் ஏறத்தானே செய்யும்! அதே 2018 தேர்வில் ஆலனுக்கு மூன்று இடம் பின்னால், 10-ஆவது ஆளாக அரிசோனா எடுத்தது ஜோஷ் ரோசனை. குறி தவறாதவர் என்று பெயர் வாங்கியவர். முதல் சீசன் நடுவிலேயே அவருக்கு ஆட்டம் வகுத்தவரை நீக்கினார்கள், சீசன் முடிந்ததும் தலைமைப் பயிற்சியாளரை நீக்கினார்கள், அடுத்த ஏப்ரலில் வேறொரு குவார்ட்டர்பேக்கை எடுத்துவிட்டு ரோசனை மயாமிக்கு அனுப்பிவிட்டார்கள். அவர் பிறகு எங்கேயும் நிலைக்கவில்லை. அவருக்கும் அதே நான்கு ஆண்டு கிடைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது. ஆனால் எங்கள் பிரிவில் ஆள் மாற்றும் பேச்சு வரும்போதெல்லாம் எனக்கு அவர் ஞாபகம் வரும்.

விகிதத்தைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். வீரர்களின் தோள்கவசத்திலும் பந்துக்குள்ளும் சில்லு வைத்திருக்கிறார்கள். பிடிக்க வேண்டியவரை எதிராளி எவ்வளவு நெருங்கியிருந்தார், எறிந்தவர் மேல் எவ்வளவு நெருக்கடி, எவ்வளவு தூரம் என்றெல்லாம் சேர்த்து, இந்த எறிதல் பிடிபட நூற்றுக்கு எத்தனை வாய்ப்பு என்று ஒரு எதிர்பார்ப்புக் கணக்கு போடுகிறார்கள். அதோடு ஒப்பிட்டுப் பார்த்தால்தான் 60 என்பது நல்லதா கெட்டதா என்று தெரியும். மருத்துவமனையில் எங்களிடம் அப்படி எதுவும் கிடையாது. வெளிநோயாளிப் பகுதியில் இருபது வயசுக்காரர்களுக்கு எடுப்பவருக்கும், கீமோ வாங்கி நரம்பு கெட்டிப்பட்டுப் போனவர்களுக்கு விடியற்காலை எடுப்பவருக்கும் ஒரே தாளில் ஒரே விகிதம். அந்தப் பையனைப் பெரும்பாலும் விடியற்காலை ஷிஃப்டில்தான் போட்டிருந்தார்கள். புது ஆள் என்பதால். நான் இப்போது என் பயிற்சித் தாளில் விகிதத்துக்குப் பக்கத்தில் எந்த வார்டு என்றும் எழுதுகிறேன். யாரும் எழுதச் சொல்லவில்லை, யாரும் படிக்கிறார்களா என்றும் தெரியாது.

2020 நவம்பரில் ஆலனின் பாட்டி பட்ரீஷியா இறந்த மறுநாள், சியாட்டிலுக்கு எதிராக அவர் 38-இல் 31 எறிதல்களைச் சேர்த்து 415 கெஜம் எடுத்தார். விஷயம் தெரிந்ததும் ரசிகர்கள் அவர் சட்டை எண்ணைக் கணக்கு வைத்து ஆளுக்குப் பதினேழு டாலராக இந்த ஊர் ஓய்ஷே குழந்தைகள் மருத்துவமனைக்கு அனுப்பத் தொடங்கினார்கள்; பத்து லட்சம் டாலரைத் தாண்டியது. எங்கள் பிரிவிலும் காபி டப்பாவில் காசு சேர்ந்தது. பெரியவரும் போட்டார். போட்டுவிட்டு, "டிக்ஸ் இல்லாம இவன் என்ன செய்வான், பார்க்கலாம்" என்றார். டிக்ஸ் போன பிறகு, 2024 சீசனில், ஆலன் லீகின் சிறந்த ஆட்டக்காரர் விருதை வாங்கினார். அந்த ஆண்டு விகிதம் 63.6, 69.2-ஐ விடக் குறைவு. பறிகொடுத்த பந்து ஆறு மட்டும்.

ஆலனின் கதையால் ஒரு கெடுதலும் வந்திருக்கிறது. கை பலமாக இருந்து குறி இல்லாத ஒவ்வொரு இளைஞனையும் இன்னொரு ஆலன் என்று சொல்லத் தொடங்கிவிட்டார்கள். 2023-இல் இண்டியானாபொலிஸ் 4-ஆவது ஆளாக எடுத்த ஆண்டனி ரிச்சர்ட்சனைப் பற்றியும் அப்படித்தான் பேசினார்கள்; 2024-இல் அவர் விகிதம் 47.7, நடுவில் உட்காரவும் வைத்தார்கள். எங்கள் பிரிவிலும் அந்தப் பையனுக்குப் பிறகு, தாளின் அடியில் பெயர் கிடக்கும் ஒவ்வொருவரையும் "நீங்க நின்னு பாருங்க, சரியாப் போயிடும்" என்று என்னிடம் தள்ளுகிறார்கள். சரியாகாதவர்களும் உண்டு. எனக்குத் தெரிந்த ஒரே அடையாளம், தவறு எந்தப் பக்கம் போகிறது என்பது. ஆலனின் நீண்ட எறிதல்கள் பெரும்பாலும் ஆளைத் தாண்டித்தான் போயின; பையனின் ஊசி எப்போதும் நரம்பு உருண்ட பிறகே இறங்கியது. ஒரே பக்கம் போகும் தவறுக்குக் காரணம் ஒரே இடத்தில் இருக்கும், தேடலாம்.

இப்போது என்னிடம் பழகும் பெண்ணுக்கு ஒருநாள் நரம்பைத் தாண்டிப் போகிறது, ஒருநாள் மேலாகவே நின்றுவிடுகிறது, ஒருநாள் முதல் குத்திலேயே அருமையாக வருகிறது. கால்மாட்டில் நின்று பார்த்தும் எனக்குப் பிடிபடவில்லை. அடுத்த வாரம் அவளை வெளிநோயாளிப் பகுதியில் போடும்படி கேட்டிருக்கிறேன். அங்கே வருகிறவர்களில் நரம்பு நன்றாகத் தெரிகிறவர்கள் அதிகம்.