மணலி ஸ்லர்ரியும் நெட் ஜீரோ கணக்கும்

சோப்பு, சலவைத்தூள் விற்கும் ஒரு கம்பெனி "எங்கள் தொழிற்சாலைகளில் கார்பன் உமிழ்வு பூஜ்யம்" என்று சொன்னால், அதில் "தொழிற்சாலைகளில்" என்ற சொல்லைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கம்பெனியின் உமிழ்வை ஸ்கோப் என்ற பெயரில் மூன்று பங்காகப் பிரிப்பார்கள். பாய்லர், ஜெனரேட்டர் புகை ஸ்கோப் 1. வாங்கும் கரண்ட் ஸ்கோப் 2. மூலப்பொருள், லாரி, பாக்கெட், துவைத்த பிறகு சாக்கடையில் போவது எல்லாம் ஸ்கோப் 3. இந்தத் தொழிலில் உமிழ்வின் பெரும்பங்கு மூன்றாவதில்தான் இருக்கிறது.

வடசென்னையில் இருப்பவர்களுக்கு அந்த மூன்றாவது பங்கு பக்கத்து ஊர் சமாச்சாரம். சலவைத்தூளில் அழுக்கை எடுப்பது ஆசிட் ஸ்லர்ரி; பாகு போல் கெட்டியான பழுப்புத் திரவம், கையில் பட்டால் எரியும். அதற்கு மூலம் லேப் எனப்படும் லீனியர் ஆல்கைல் பென்சீன். மணலியில் தமிழ்நாடு பெட்ரோபுராடக்ட்ஸ் தயாரிப்பது இதைத்தான். மண்ணெண்ணெயிலிருந்து பிரித்த பாரஃபினையும் பென்சீனையும் சேர்த்தால் லேப். அதை சல்ஃபோனேட் செய்தால், அதாவது கந்தகச் சேர்மத்தோடு வினைபுரிய வைத்தால், ஸ்லர்ரி. 1 கிலோ லேப்பில் சுமார் 875 கிராம் கார்பன். சாக்கடையில் நுண்ணுயிர்கள் அதை முழுக்கச் சிதைத்தால் 3.2 கிலோ கார்பன் டை ஆக்சைடு வெளியேறும். தயாரிக்கும்போது எரித்த எரிபொருள் தனிக்கணக்கு.

யூனிலீவர் 2020-இல் இரண்டு வாக்குறுதிகள் கொடுத்தது. 2039-க்குள் நெட் ஜீரோ, அதாவது உமிழ்வைக் குறைத்து மிச்சத்தை ஈடுகட்டிப் பூஜ்யமாக்குவது, ஒன்று. அது மூலப்பொருளிலிருந்து கடை அலமாரி வரைதான். சாக்கடையில் வெளியேறும் 3.2 கிலோ அந்த எல்லைக்கு வெளியே. இன்னொன்று, துப்புரவுப் பொருட்களில் பெட்ரோலிய வழி வரும் கார்பனை 2030-க்குள் முழுக்க மாற்றுவது. என்னைக் கேட்டால் இரண்டாவதுதான் கனமானது. ஸ்லர்ரிக்குள் இருக்கும் கார்பன் வரை எட்டுவது அது ஒன்றுதான். ஆனால் மாற்றாகப் பாமாயில் வந்தால், காடழிப்புக் கணக்கையும் சேர்த்துக் கேட்க வேண்டும்.

பங்குச்சந்தையில் உள்ள பெரிய இந்தியக் கம்பெனி என்றால் ஆண்டறிக்கையில் பி.ஆர்.எஸ்.ஆர். (தொழில் பொறுப்பு, நிலைத்தன்மை அறிக்கை) பகுதியைத் திறந்து, சுற்றுச்சூழல் பற்றிய 6-வது கோட்பாட்டுக்குப் போங்கள். ஸ்கோப் 1, 2 அங்கே கட்டாயப் பட்டியலில் இருக்கும். ஸ்கோப் 3 "லீடர்ஷிப்" பட்டியலில், அதாவது விருப்பம் இருந்தால் கொடுக்கலாம். அந்தக் கட்டம் காலியாக இருந்தால், நெட் ஜீரோ அறிவிப்பை எதை வைத்துச் சரிபார்ப்பது?

ஸ்கோப் 2-இலும் கவனம் வேண்டும். ஆண்டுக்கு 10 லட்சம் யூனிட் இழுக்கும் ஆலைக்கு, கிரிட் சராசரி யூனிட்டுக்கு 0.7 கிலோ என்று வைத்தால் 700 டன். 1,000 பசுமைச் சான்றிதழ் (ஒன்று, 1,000 யூனிட் புதுப்பிக்கத்தக்க மின்சாரத்துக்கு) வாங்கினால், வாங்கிய சான்றிதழைக் கழித்துப் போடும் சந்தை அடிப்படைக் கணக்கில் இது பூஜ்யம் ஆகிவிடும். கம்பியில் வருவது அத்திப்பட்டு அனல்மின் நிலையத்தையும் சேர்த்த அதே கிரிட் கரண்ட்தான். அதனால் கிரிட் சராசரியை அப்படியே வைத்துப் போடும் இட அடிப்படைக் கணக்கையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

"ஒரு கோடி விற்றுமுதலுக்கு இவ்வளவு டன்" என்ற அளவை மட்டும் நம்ப வேண்டாம். 1,000 கோடிக்கு 10,000 டன். விலையேற்றத்தோடு அடுத்த ஆண்டு 1,100 கோடிக்கு 10,500 டன். விகிதம் 4.5% குறைந்திருக்கும், புகை 500 டன் கூடியிருக்கும். தயாரிப்பை ஜாப் ஒர்க்குக்கு வெளியே கொடுத்தாலும் ஸ்கோப் 1 தானாக இறங்கும். அப்படி வெளியே கொடுத்தபோது, குறைப்பை ஒப்பிடும் அடிப்படை ஆண்டின் கணக்கையும் திருத்தினார்களா என்று அடிக்குறிப்பில் தேடுங்கள்.

கையில் ஒரு பங்கு இருந்தாலும் ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் கேள்வி கேட்கலாம். கேட்க வேண்டியது: இந்த ஆண்டு எத்தனை டன் ஸ்லர்ரி வாங்கினீர்கள், போன ஆண்டு எத்தனை?