புது வண்டிக்கு ரீமேப் பண்ணப் போறீங்களா, கொஞ்சம் இதைப் படிச்சிருங்க

என் சித்தப்பா பையன் டர்போ டீசல் கார் வாங்கி எட்டே மாசத்துல ஈசியூ ரீமேப் (இன்ஜினை கன்ட்ரோல் பண்ற கம்ப்யூட்டரோட சாஃப்ட்வேரை மாத்தி பவரைக் கூட்டுறது) பண்ணிட்டு வந்தான், ஓட்டிப் பார்த்தா நெஜமாவே நல்லா இருந்துச்சு, அவினாசி ரோட்டுல ஓவர்டேக் பண்றப்ப மூணாவது கியர்லயே பிச்சுக்கிட்டுப் போகும். மூணு மாசம் கழிச்சு டர்போல விசில் சத்தம், பின்னாடி நீலப் புகை. சர்வீஸ் சென்டர்ல ஸ்கேனரை மாட்டிப் பார்த்துட்டு "சார், சாஃப்ட்வேர் மாத்தியிருக்கு, வாரண்டி க்ளெய்ம் போகாது"ன்னுட்டாங்க. அவன் மொகத்தைப் பார்க்கவே முடியல.

ஸ்டாக் ஃபைலை, அதாவது கம்பெனி போட்ட பழைய சாஃப்ட்வேரை, திருப்பிப் போட்டுட்டா தெரியாதுன்னு நெறைய பேர் நம்புறாங்க, அது தப்புங்க. பல வண்டில எத்தனை தடவை ஃப்ளாஷ் பண்ணாங்கன்னு (சாஃப்ட்வேர் ஏத்துனாங்கன்னு) ஈசியூக்குள்ளயே ஒரு கவுன்ட்டர் ஓடும், பழைய ஃபைலைப் போட்டாலும் அது கொறையாது. ஃபோக்ஸ்வேகன், ஆடில சாஃப்ட்வேர் மாத்துன வண்டின்னு கம்பெனி குறிச்சு வைக்க டீடி1னு ஒரு கோடே இருக்கு, அது அந்த வண்டி பேர்ல ஏறிட்டா இன்ஜின் சம்பந்தப்பட்ட வாரண்டி கெடைக்கிறது ரொம்பக் கஷ்டம். பூஸ்ட்டும் (டர்போ தள்ளுற காத்தழுத்தம்) டார்க்கும் (இன்ஜினோட சுழற்றும் விசை) கூடுனா டர்போ மட்டும் இல்ல, கிளட்ச், கியர்பாக்ஸ் எல்லாத்துக்கும் லோடு ஏறும், அதுக்கும் வாரண்டியை மறுக்கலாம்.

அமெரிக்கால 1975 மேக்னுசன்-மாஸ் சட்டம் இருக்கு, வெளி பார்ட் மாட்டுனதுக்காக மட்டும் மொத்த வாரண்டியையும் தூக்கிட முடியாது. நம்மூர்ல வாரண்டி புக்ல என்ன போட்டிருக்குன்னு பார்க்கணும். ஆனா ஏசி, பவர் விண்டோ மாதிரி சம்பந்தமே இல்லாததுக்கும் வாரண்டி இல்லைன்னு சொன்னா விடாதீங்க, காரணத்தை எழுத்துல கேளுங்க, நுகர்வோர் ஆணையத்துக்குப் போனா அந்தப் பேப்பர்தான் பேசும்.