ஆல்ட்டோட்டிங் கறுப்பு மாதாவின் சந்நிதியில்

பெந்தக்கோஸ்துப் பெருவிழாவுக்கு முந்தைய சனிக்கிழமை, ஜெர்மனியில் பவேரியாவின் தென்கிழக்கே உள்ள ஆல்ட்டோட்டிங்கை அடைந்தேன். ரேகன்ஸ்பூர்க் நகரிலிருந்து ஏறத்தாழ 110 கிலோமீட்டர் தூரத்தை மூன்று நாட்களில் நடந்து கடந்த ஆயிரக்கணக்கானோர், ஜெபமாலை சொல்லியபடியும் மாதா பாடல்களைப் பாடியபடியும் அணியணியாக ஊருக்குள் வந்துகொண்டிருந்தனர். இந்தப் பாதயாத்திரை 1830-இல் தொடங்கியது. நடக்க முடியாமல் துவண்டவர்கள்கூட, சதுக்கத்தின் நடுவே நிற்கும், கறுப்பு மாதாவின் சிறிய எண்கோணக் கோவிலைக் கண்டதும் நிமிர்ந்து நடந்தார்கள்.

அந்தக் கோவிலைச் சுற்றிக் கூரையிட்ட ஒரு பிராகாரம் உள்ளது. அதன் சுவர்களையும் உட்கூரையையும் காணிக்கைப் படங்கள் மூடியிருக்கின்றன. கவிழ்ந்த வண்டி, தீப்பற்றிய வீடு, கட்டிலில் கிடக்கும் நோயாளி, போர்முனையிலிருந்து திரும்பிய மகன் என்று ஒவ்வொரு குடும்பமும் தன் துயரத்தையும், அதிலிருந்து மீண்டதையும் எளிய ஓவியமாக வரைவித்து, ‘மரியா உதவினார்’ என்று எழுதி மாட்டியிருக்கிறது. சுவரோரம் மரச்சிலுவைகள் சாய்த்து வைக்கப்பட்டுள்ளன. விரும்புபவர்கள் அவற்றில் ஒன்றைத் தோளில் ஏற்றிக்கொண்டு கோவிலை வலம் வருகிறார்கள். நடுத்தர வயதுப் பெண் ஒருவர் தம் உயரத்தை மிஞ்சிய சிலுவையைச் சுமந்தபடி முழங்காலிலேயே நகர்ந்து சென்றார். அவருக்கு வழிவிட்டு எல்லோரும் ஒதுங்கி நின்றோம்.

உள்ளே வெளிச்சம் குறைவு. 1330-ஆம் ஆண்டையொட்டிச் செதுக்கப்பட்ட மாதாவின் லிண்டன் மரச்சிலை, நூற்றாண்டுகளாக எரிந்த மெழுகுதிரிகளின் புகையால் கறுத்து, பட்டாடையும் கிரீடமும் அணிந்து, வெள்ளிப் பீடத்தில் குழந்தை இயேசுவை ஏந்தி நிற்கிறது. 1489-இல் நீரில் மூழ்கி இறந்த மூன்று வயதுக் குழந்தையை அதன் தாய் இந்தப் பீடத்தில் கிடத்தி மன்றாட, குழந்தை உயிர் பெற்றது என்று மரபு கூறுகிறது. ஆல்ட்டோட்டிங்குக்குத் திருப்பயணிகள் பெருகத் தொடங்கியது அதன் பிறகுதான்.

அன்னைக்கு எதிரேயுள்ள சுவர் மாடங்களில், பவேரிய அரச குடும்பத்தாரின் இதயங்கள் வெள்ளிக் கலசங்களில் வைக்கப்பட்டுள்ளன. 1886-இல் மறைந்த இரண்டாம் லுட்விக் மன்னரின் இதயமும் அவற்றுள் ஒன்று. பீடத்தருகே வெள்ளியாலான இளவரசன் ஒருவன் மண்டியிட்டிருக்கிறான். நோயிலிருந்து மீண்ட மகனுக்காக, நம் ஊர்த் துலாபாரம் போலவே எடைக்கு எடை வெள்ளியில் செய்து தந்தை அளித்த நேர்த்திக்கடன் அது. அரசரின் வெள்ளியும் ஏழையின் பலகை ஓவியமும் ஒரே தாயிடம் ஒரே காரணத்துக்காக வந்தவை என்பதை அங்கே நின்றபோது மனப்பூர்வமாக உணர்ந்தேன்.

பின்னர் புனித கோன்ராட்டின் கல்லறைக்குச் சென்றேன். விவசாயக் குடும்பத்தில் பிறந்த இந்தக் கப்புச்சின் சபைத் துறவி, 41 ஆண்டுகள் மடத்து வாயில் காப்பாளராக இருந்து, மணியடித்த ஒவ்வொரு ஏழைக்கும் பயணிக்கும் ரொட்டி கொடுத்து உபசரித்தவர். 1894-இல் இறந்த அவருக்கு 1934-இல் புனிதர் பட்டம் வழங்கப்பட்டது. பணியின் இடையே கிடைத்த சிறு பொழுதுகளில், நற்கருணைப் பேழையைப் பார்க்கும்படி ஒரு சிறு சாளரம் அமைந்த, படிக்கட்டுக்கு அடியிலுள்ள இடுங்கிய அறையில் அவர் ஜெபித்தாராம். மன்னர்களின் வெள்ளிக் கலசங்களைவிட, வாயில் மணிக்கும் ஜெபத்துக்கும் இடையிலேயே கழிந்த அந்த எளிய வாழ்க்கைதான் என்னை ஆழமாகத் தொட்டது.