பாரிஸ் விமான நிலையத்திலிருந்து லாச்சப்பலுக்கு: டாக்சியா, ரயிலா?

2025 செப்டம்பரில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பாரிஸ் போய் வந்தேன். விசா, டிக்கெட், இன்சூரன்ஸ் எல்லாம் முடிந்த பிறகும் ஒரு கேள்வி மட்டும் மனசில் உறுத்திக்கொண்டே இருந்தது. ஷார்ல் தெ கோல் விமான நிலையத்தில் இறங்கிய பிறகு, ஊருக்குள் போக இன்னும் இருக்கிற அந்த 25 கிலோமீட்டரை எப்படிக் கடப்பது? அம்மாவுக்கு 68 வயது, இரண்டு முழங்காலும் தேய்மானம், சமதரையில் மெதுவாக நடப்பார், படி என்றால் பத்துக்கு மேல் ஏற முடியாது. கையில் மூன்று பெரிய பெட்டி, அதில் ஒன்று முழுக்க அப்பளமும் வத்தலும் முறுக்கு மாவும். எங்கள் இருவருக்கும் பிரெஞ்சில் வணக்கம், நன்றி தவிர வேறு எதுவும் வராது.

எங்களுக்குப் புதுச்சேரி. அம்மாவின் அண்ணன் அந்தக் காலத்தில் பிரெஞ்சு ராணுவத்தில் சேர்ந்து போனவர், எங்கள் ஊரில் சொல்தா என்பார்கள். அவர் வீடு கார் து நோர் ரயில் நிலையத்துக்குப் பின்பக்கம், லா சப்பல் மெட்ரோவுக்கு அருகில். அங்கே உள்ள தமிழர்கள் அதை ஒரே மூச்சில் லாச்சப்பல் என்றுதான் சொல்கிறார்கள். இலங்கைத் தமிழர்களின் மளிகைக்கடை, நகைக்கடை, சேலைக்கடை, கொத்துரொட்டிக் கடை என்று தெரு முழுக்கத் தமிழ்ப் பலகைதான். கொஞ்சம் தள்ளி மாணிக்க விநாயகர் ஆலயம். ஆகஸ்ட் கடைசியில் அந்தக் கோயிலின் தேர் தெருவில் வரும்போது பார்க்க வேண்டும் என்பது அம்மாவின் ஆசை, விசா தாமதமானதில் அதைத் தவறவிட்டோம், அது தனி வருத்தம்.

முன்பெல்லாம் யார் வந்தாலும் மாமாவே காரில் வந்து அழைத்துப் போவார். இதய அறுவைக்குப் பிறகு அவர் ஓட்டுவதில்லை. மகனுக்குக் காலை ஷிப்ட். ஆக நாங்களாகத்தான் வர வேண்டும். போனில் மாமா சொன்னார், "டாக்சி எடுத்துக்கிட்டு வந்துடு பாப்பா, தங்கச்சியைப் படி மட்டும் ஏற விடாதே." அதே போனைப் பிடுங்கி அவர் மகன் சொன்னான், "அக்கா, ரயில்ல அரை மணி நேரம்தான், எதுக்கு வீணா 56 யூரோ?"

இரண்டு பேர் சொன்னதும் சரிதான், அதுதான் சிக்கல்.

உட்கார்ந்து கணக்குப் போட்டேன். ஆர்இஆர் பி என்கிற நீல நிறத் தடத்து ரயில் விமான நிலையத்திலிருந்து நேராகக் கார் து நோர் வரும், அப்புறம் ஷத்லே, சேன் மிஷேல் என்று நகரத்தின் நடுவில் தெற்கே போகும். 2025-இல் விமான நிலையக் கட்டணம் தலைக்கு 13 யூரோ. டாக்சிக்கு அரசே நிர்ணயித்த கட்டணம் உண்டு, அந்த வருடம் சேன் நதியின் வலது கரைக்கு, அதாவது மாமா வீடு இருக்கும் பக்கத்துக்கு 56, இடது கரைக்கு 65. இது தலைக்கு அல்ல, வண்டிக்கு. பெட்டிக்குத் தனிக்காசு கிடையாது, நெரிசலில் ஒரு மணி நேரம் நின்றாலும் ஒரு சென்ட்கூட ஏறாது. இருவருக்கு ரயில் 26, டாக்சி 56, வித்தியாசம் 30 யூரோ, நம்ம காசில் மூவாயிரம் சொச்சம். மூன்று பெரியவர்கள் என்றால் 39, நான்கு பேர் என்றால் 52. அதாவது அந்தக் கட்டணத்தில் நாலு பேர் குடும்பமாகப் போகிறவர்கள் ரயிலில் மிச்சம் பிடிப்பது வெறும் 4 யூரோ. இந்தக் கணக்கைப் போடாமல் "ரயில்தான் மலிவு" என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களை நான் இப்போது நம்புவதில்லை. ஆனால் ஒற்றை ஆளாகப் போனால் ரயிலைத் தவிர வேறு எதையும் யோசிக்கவே வேண்டாம்.

நகரத்தின் நடுவிலுள்ள ஒப்பேரா வரை போகும் ரோஸ்ஸிபஸ் என்றொரு பேருந்தும் அப்போது ஓடியது. ஒப்பேராவில் இறங்கி மறுபடி மெட்ரோ மாற வேண்டும் என்பதால் அதைப் பற்றி நான் மேற்கொண்டு யோசிக்கவில்லை.

மெட்ரோ மாறுவதுதான் உண்மையில் பெரிய விஷயம், அதை யாரும் முதலில் சொல்வதில்லை. பாரிஸ் மெட்ரோ 1900-இல் தொடங்கியது. பழைய நிலையங்களில் பெரும்பாலானவற்றில் லிப்ட் கிடையாது, சுரங்க வழிகளில் படி இறங்கி, படி ஏறி, வளைந்து வளைந்து போக வேண்டும். விமான நிலைய ரயிலில் கார் து நோர் வரைக்கும் வந்துவிடுவது சுலபம். அதற்குப் பிறகு நீங்கள் தங்கும் இடத்துக்குப் போவதில்தான் முழங்காலும் பெட்டியும் உங்களைப் பதம் பார்க்கும். மாமா வீடு கார் து நோரிலிருந்து நடக்கும் தூரம் என்பதால் எங்களுக்கு மெட்ரோ தேவைப்படவில்லை. ஆனாலும் பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் பயணம் செய்து, நடுவில் வளைகுடாவில் விமானம் மாறி, தூக்கமில்லாமல் இறங்குகிற அம்மாவை, காலை அலுவலக நேரத்து ரயில் கூட்டத்தில் மூன்று பெட்டியோடு ஏற்ற எனக்கு மனசு வரவில்லை. வரும்போது டாக்சி என்று முடிவு செய்தேன்.

திங்கட்கிழமை காலை 7 மணிக்கு டெர்மினல் 1-இல் இறங்கினோம். குடியேற்ற வரிசையைத் தாண்டி, பெட்டிகளை எடுத்துக்கொண்டு வெளிக்கதவைத் தாண்டியதும், கோட்டு சூட்டு போட்ட ஒருவர் நேராக என்னிடம் வந்து நல்ல ஆங்கிலத்தில், "டாக்சியா மேடம், வாங்க, வரிசையில் நிற்க வேண்டாம்" என்றார். கழுத்தில் ஏதோ அடையாள அட்டை. அம்மா நடக்கச் சிரமப்படுவதைப் பார்த்துவிட்டு அவரே ஒரு பெட்டியைப் பிடித்துவிட்டார். நான் பத்தடி அவர் பின்னாலேயே போய்விட்டேன். அப்புறம்தான் விலை கேட்டேன். 130 யூரோ, பெட்டிகள் இருப்பதால் என்றார். 56 தானே என்றேன், அது சின்ன வண்டிக்கு என்றார். என் கை நடுங்கியது, ஆனாலும் பெட்டியின் கைப்பிடியை அவர் கையிலிருந்து வாங்கிக்கொண்டு "நோ, மெர்சி" என்று சொல்லித் திரும்பி நடந்தேன். அவர் சண்டை போடவில்லை, அடுத்த ஆளைத் தேடிப் போய்விட்டார். நான் கட்டணத்தை முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்காவிட்டால் கண்டிப்பாக ஏறியிருப்பேன். அசதியில் இருக்கிற நேரத்தில், பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வருகிறவர்களைப் பார்த்துத்தான் இவர்கள் வருகிறார்கள். உண்மையான டாக்சிக்காரர் உள்ளே வந்து உங்களைக் கூப்பிட மாட்டார். அவர் வெளியே டாக்சி வரிசையில்தான் நிற்பார், வண்டிக் கூரையில் 'டாக்சி பரிசியேன்' என்று எழுதிய விளக்கு இருக்கும், பச்சையாக எரிந்தால் காலி, சிவப்பென்றால் ஆள் இருக்கிறது.

வரிசையில் பதினைந்து நிமிடம் நின்றோம். ஏறும் முன்பே விலாசம் எழுதிய தாளை நீட்டி, "வலது கரை, 56" என்று சொன்னேன். ஓட்டுநர் தலையாட்டினார். வடக்கிலிருந்து ஊருக்குள் வரும் ஏ1 நெடுஞ்சாலை திங்கட்கிழமை காலையில் எப்படி இருக்கும் என்று மாமா ஏற்கெனவே எச்சரித்திருந்தார். ஒரு மணி பத்து நிமிடம் ஆனது. ரயிலில் வந்திருந்தால் இதில் பாதி. ஆனால் அம்மா ஏறிய ஐந்தாவது நிமிடத்தில் ஜன்னலில் சாய்ந்து தூங்கிவிட்டார், வாசலில் வந்து நின்றபோதுதான் எழுந்தார். கார்டில் 56 கொடுத்தேன். பாரிஸ் டாக்சிகள் கார்டு வாங்கியே ஆக வேண்டும், மெஷின் ரிப்பேர் என்று யாராவது சொன்னால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

அன்று மதியமே கார் து நோர் போய் எனக்கு மட்டும் நவிகோ என்கிற பாரிஸ் போக்குவரத்து அட்டையில் வாரச் சீட்டு எடுத்தேன். இது நிறையப் பேருக்குத் தெரியாத ஒன்று, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். அட்டைக்கு 5 யூரோ, ஒரு சின்னப் புகைப்படம் ஒட்ட வேண்டும், பாஸ்போர்ட் போட்டோவைக் கத்தரித்து ஒட்டினேன். அதில் ஒரு வாரத்துக்கு அப்போது 31.60. திங்கள் முதல் ஞாயிறு வரை மெட்ரோ, பேருந்து, ரயில் எல்லாம் இதில் அடக்கம், விமான நிலைய ரயிலும்தான். வந்து போக விமான நிலையத்துக்கு மட்டுமே அப்போது 26 ஆனது, ஊருக்குள் மெட்ரோ ஒரு தடவைக்கு 2.50 என்று பார்த்தால், திங்கட்கிழமை வந்து, மெட்ரோவில் அடிக்கடி சுற்றிவிட்டு, அதே வாரத்தில் திரும்புகிறவர்களுக்கு இதைவிடச் சல்லிசான வழி இல்லை. ஆனால் இது ஏழு நாள் சீட்டு அல்ல, திங்கள்-ஞாயிறு சீட்டு. நடப்பு வாரத்துக்கு வியாழன் வரைதான் வாங்க முடியும், வெள்ளிக்கிழமை கேட்டால் அடுத்த வாரத்துக்குத்தான் தருவார்கள்.

அதே வாரம் வெள்ளிக்கிழமை என் தம்பி சென்னையிலிருந்து வந்தான், அவனை அழைத்துவர நான் ரயிலில் போனேன். இங்கே ஒரு தப்பு செய்தேன். ஆர்இஆர் பி வடக்கே போகும்போது இரண்டாகப் பிரிகிறது, ஒன்று விமான நிலையத்துக்கு, இன்னொன்று மித்ரி கிளே என்ற ஊருக்கு. நான் பிளாட்பாரத்தில் வந்து நின்ற முதல் ரயிலில் ஏறிவிட்டேன். உள்ளே நிலையங்களின் பட்டியலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. ஒல்னே சூ புவா என்ற நிலையத்தில் இறங்கி, அடுத்து வந்த விமான நிலைய ரயிலில் ஏறிக்கொண்டேன். இறங்க வேண்டிய இடம் அதுதான், அதைத் தாண்டினால் தடம் பிரிந்துவிடும். திரும்பி வந்ததும் மாமா மகன் சொல்லிக்கொடுத்தான்: ஒவ்வொரு ரயிலின் முகப்பிலும் நான்கு எழுத்தில் ஒரு பெயர் ஓடும், அது ஆங்கில எழுத்து 'ஈ'-யில் தொடங்கினால் விமான நிலையம், 'ஐ'-யில் தொடங்கினால் மித்ரி. பலகையில் விமானப் படமும் போட்டிருப்பார்கள். ஊருக்குத் திரும்பும் நாளில், பெட்டியோடு, நேரம் நெருக்கும்போது இது எனக்கு நடந்திருந்தால் என்று நினைத்தாலே வயிற்றைப் பிசைந்தது.

தம்பி டெர்மினல் 2-இல் இறங்கினான். ரயில் அங்கிருந்துதான் புறப்படுகிறது, அதனால் உட்கார இடம் கிடைத்தது. அவனுக்கு 2 யூரோவுக்கு நவிகோ ஈசி அட்டை வாங்கி, அதில் 13 யூரோ விமான நிலைய டிக்கெட்டை ஏற்றினோம். ஆளுக்கு ஓர் அட்டை வேண்டும், ஒரே அட்டையை இருவர் மாற்றி மாற்றித் தேய்க்க முடியாது. ஊருக்குள் போகும் சாதாரண மெட்ரோ டிக்கெட் விமான நிலையத்துக்குச் செல்லாது, இதையும் மறந்துவிடாதீர்கள், தெரியாமல் செய்தேன் என்று சொன்னாலும் அபராதம் அபராதம்தான். நாங்கள் ஏறியது நடுவில் எங்கும் நிற்காத ரயில், அரை மணிக்குள் கார் து நோர். எல்லா நிலையத்திலும் நிற்கும் ரயிலும் உண்டு, அதில் கூட்டம் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும், கைப்பையை முன்னால் போட்டுக்கொள்வது நல்லது. இரவு பத்து மணிக்கு மேலும் வார இறுதியிலும் தண்டவாள வேலைக்காகச் சில பகுதிகளை மூடிவிட்டு மாற்றுப் பேருந்து விடுவது வழக்கம், அதனால் கிளம்பும் முன் ஒரு தடவை செயலியில் பார்த்துவிடுங்கள்.

கார் து நோரில் ஃபோபூர் சேன் தெனி தெருப் பக்கம் வெளியே வந்து இடதுகைப் பக்கம் நடந்தால் போதும், ஏழெட்டு நிமிடத்தில் லாச்சப்பல். தம்பி முதல் தமிழ்ப் பலகையைப் பார்த்ததும் நடுத்தெருவில் நின்று போட்டோ எடுத்தான்.

ஊர் திரும்பும் நாளும் வந்தது. நான் மறுபடி டாக்சி என்றுதான் வைத்திருந்தேன். தம்பியும் நானும் ரயிலைப் பற்றியே பேசியதைக் கேட்டுக்கொண்டிருந்த அம்மா, "நானும் அதுலதான் வருவேன்" என்றார். மாமா வேண்டவே வேண்டாம் என்றார். நான் முதல் நாளே தனியாகப் போய், தெருவிலிருந்து பிளாட்பாரம் வரை லிப்ட் எங்கெங்கே இருக்கிறது என்று ஒரு நடை பார்த்துவிட்டு வந்தேன். விமானம் மாலையில், அதனால் மதியம் கூட்டமில்லாத நேரமாகப் பார்த்துக் கிளம்பினோம். மாமா மகன் பெரிய பெட்டிகளை உருட்டிக்கொண்டு நிலையம் வரை வந்தான், தம்பி கூடவே விமான நிலையம் வரை வந்தான். அம்மாவுக்கு ஜன்னலோர இருக்கை கிடைத்தது.

எங்களுக்கு டெர்மினல் 1 என்பதால் டெர்மினல் 2 வரை போகாமல் அதற்கு முந்தைய நிலையத்தில் இறங்கினோம். அங்கிருந்து சேதேஜேவால் என்ற ஓட்டுநர் இல்லாத குட்டி ரயில், டிக்கெட் கிடையாது, இரண்டாவது நிறுத்தம் டெர்மினல் 1. முன்பக்கக் கண்ணாடி வழியாகத் தண்டவாளம் தெரிகிற இடத்தில் அம்மா போய் நின்றுகொண்டார். பெட்டிகளைப் போட்டுவிட்டு உட்கார்ந்ததும் முதல் வேலையாக என் போனை வாங்கி மாமாவைக் கூப்பிட்டார்.

"அண்ணே, வந்து சேர்ந்துட்டோம். ஒரு படிகூட ஏறலண்ணே."