26 முடிந்த பிறகும்

டல்லாஸில் ஒரு கம்பெனியின் எச்.ஆர். பிரிவில், பெனிஃபிட்ஸ், அதாவது ஊழியர்களின் இன்சூரன்ஸ் போன்ற சலுகைகளைப் பார்க்கிற வேலைக்கு 2009இல் வந்தேன். அப்போதெல்லாம் பிள்ளை பட்டம் வாங்கிய கையோடு எங்கள் இன்சூரன்ஸ் பட்டியலிலிருந்து பெயர் போய்விடும். மகளின் பட்டமளிப்புப் படத்தைக் காட்டியபடியே, "இனி இவளுக்கு எங்கே போவது?" என்று கேட்ட ஒரு தாய்க்கு என்னிடம் பதில் இல்லை. அடுத்த வருஷம் ஒபாமா கையெழுத்திட்ட சட்டம் வந்தது. கல்யாணமே ஆகியிருந்தாலும், வேறு ஊரில் தனியாக இருந்தாலும், 26 வயது ஆகும்வரை பிள்ளைகள் பெற்றோரின் பிளானில் இருக்கலாம் என்றது.

இந்த 26 எல்லோருக்கும் மனப்பாடம். சிக்கலும் அதனால்தான்.

2025 ஆகஸ்டில் எங்கள் கிடங்கில் வேலை பார்க்கும் தமிழர் ஒருவர் வந்தார். நான்காக மடித்த பில்லை மேசையில் வைத்து உள்ளங்கையால் நீவினார். பையனுக்கு ரூட் கேனால், 1,380 டாலர். மே மாதம் 26 ஆகி, அந்த மாதக் கடைசியோடு பிளானை விட்டு வெளியே வந்தவன்.

"ஏம்மா, கோப்ரா எடுத்திருக்கணுமோ?"

கோப்ரா என்பது பிளானை விட்டு வெளியே வந்தவர் சொந்தக் காசில் அதே இன்சூரன்ஸைத் தொடர வழிசெய்யும் சட்டம். எடுத்திருந்தால் 36 மாதம் வரை தொடர்ந்திருக்கலாம். ஆனால் கம்பெனியின் பங்கையும் சேர்த்து முழு பிரீமியம், மேலே 2 சதவீதம். அவர் தயங்கியதில் தப்பே இல்லை. தெரிவிக்க வேண்டிய 60 நாளும் தாண்டியிருந்தது. அப்போதுதான் எஃப்.எஸ்.ஏ. நினைவுக்கு வந்தது: மருத்துவச் செலவுக்கென்று சம்பளத்திலிருந்து வரியில்லாமல் ஒதுக்கிவைக்கும் கணக்கு.

"உங்க எஃப்.எஸ்.ஏ.வில எவ்வளவு இருக்கு அண்ணா?"

"அது எனக்கும் வீட்டுக்காரிக்கும்னு போட்டது. பையனுக்குத்தான் வயசு முடிஞ்சிடுச்சே."

இங்கேதான் பலரும் பணத்தை விட்டுவிடுகிறார்கள். எஃப்.எஸ்.ஏ.வுக்கு வரித்துறையின் கணக்கு வேறு. அந்த வருஷம் டிசம்பர் 31 அன்று பிள்ளைக்கு 27 ஆகாமல் இருந்தால் போதும். அவன் நம் இன்சூரன்ஸில் இருக்க வேண்டியதில்லை, வரிப் படிவத்தில் நம்மைச் சார்ந்தவனாகக் காட்டவும் வேண்டாம். (எச்.எஸ்.ஏ. என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்குக்கு இது பொருந்தாது. அதில் வரிக்கணக்கில் நம்மைச் சார்ந்தவனாக இருந்தால்தான் செல்லும்.) கம்பெனியின் பிளானும் இதை அனுமதிக்க வேண்டும் என்பதால், ஆவணத்தை எடுத்து அவர் எதிரிலேயே படித்தேன். அனுமதி இருந்தது. ஊழியர்களுக்குக் கொடுக்கும் கையேட்டில்தான் "26 வயது வரை" என்று ஒரே வரி. அதை நம்பி எத்தனை வீட்டில் கைக்காசு போயிருக்கும் என்று நினைத்தால் இன்றும் மனசு ஆறவில்லை.

வருஷத்துக்கு 1,800 டாலர் போட்டிருந்தார். சம்பளத்தில் அதுவரை பிடித்தது 1,050தான். ஆனால் எஃப்.எஸ்.ஏ.வில் முழுத்தொகையும் முதல் நாளிலிருந்தே நமக்குக் கிடைக்கும். கண்ணாடிக்கு 240 போக மீதி 1,560. ரசீதை அங்கேயே ஸ்கேன் செய்து க்ளெய்ம் போட்டோம்.

இப்போதெல்லாம் யார் பிள்ளைக்கு 26 நெருங்குகிறது என்று பார்த்து, இரண்டு மாதம் முன்பே நானே கூப்பிட்டுப் பேசிவிடுகிறேன்.

அன்று எழுந்தவர் கதவருகே நின்று விரல்விட்டு மாதங்களை எண்ணினார்.

"டிசம்பர் வரைக்கும்னா, அவனுக்குக் கண்ணும் பார்த்திடலாம்ல?"

"இன்னும் 180 டாலர் இருக்கு அண்ணா. வரச் சொல்லுங்க."